பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு

தெருவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தவர் மூலை மருந்துக்கடைக்காரர். அப்போது அவளுக்கு ஆறு வயது. அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. மருந்துக்கடைக்கு மூன்று பேராக வருவார்கள். அம்மா கையால் சொல்லிக்கொண்டே போவாள், அப்பா குறுக்கே புகுந்து திருத்துவார், மகள் இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் கடைக்காரரிடம் கொட்டுவாள். "ரெண்டு பேர் பேச வேண்டியதை ஒருத்தியே பேசுறா! இவ வாயாடி இல்லாம வேற யாரு வாயாடி?" என்றார் அவர். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. கடையில் அவருடைய மகன் உட்கார்ந்திருக்கிறார். பெயர் மட்டும் மாறவில்லை.

ஆறு வயதில் தொடங்கியதே பிழைப்பாகவும் ஆயிற்று. பத்தொன்பது ஆண்டுகளாக அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று, கையில் வருவதை வாய்க்கும் வாயில் வருவதைக் கைக்கும் மாற்றிக் கொடுக்கிற வேலை. முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பஸ் ஏறிப் போய்ச் செய்தாள். கடைசி ஏழு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே, வீடியோ கால் வழியாக. சுற்றுவட்டாரத்தில் கையால் பேசுகிற குடும்பங்கள் அறுபத்து மூன்று. அந்த அறுபத்து மூன்று வீட்டிலும் யாருக்கு எந்தக் கண்ணில் புரை, யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்கு மனப்பாடம்.

நாமெல்லாம் வீடியோ கால் பேசும்போது படம் உறைந்து நின்றால், "கேக்குதா? கேக்குதா?" என்று இரண்டு முறை கத்திவிட்டு மேலே பேசுவோம். படம் போனாலும் குரல் வந்துவிடும். கையால் பேசுகிறவர்களுக்குப் படம்தான் குரல். ஒரு நொடி படம் நின்றால் ஒரு சொல் போயிற்று. போன சொல் "சாப்பாட்டுக்கு முன்" என்பதாக இருக்கலாம், "பின்" என்பதாகவும் இருக்கலாம். அதனால் வாயாடிக்கு இணைய வேகம் என்பது, ஒரு தையற்காரருக்கு ஊசி எப்படியோ அப்படி.

அவள் வீட்டு பிராட்பேண்ட் இணைப்பு, நூறு மெகாபிட் வரை வேகம் தருவதாகச் சொன்ன இணைப்பு. மாதத்துக்கு முந்நூறு ஜிபி வரைக்கும் அந்த வேகம். முந்நூறைத் தொட்டதும் குழாயைத் திருகிய மாதிரி ஒரே ஒரு மெகாபிட்டாகச் சுருங்கிவிடும். மாதம் முடியும்வரை அப்படியே. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மறுபடி முந்நூறு. ஏழு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட அவள் முந்நூறைத் தொட்டதில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு அன்றுவரை செலவான ஜிபியைப் பார்த்து, நீல அட்டை போட்ட குறிப்பேட்டில் எழுதிவிடுவாள்.

அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஐந்து எண்கள் இருக்கின்றன. வேலை தொடங்கிய புதிதில், பூப்போட்ட திரைக்கு முன்னால், தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற உட்கார்ந்து பேசியபோது, போவதும் வருவதுமாக மணிக்கு 1.9 ஜிபி ஆயிற்று. கேமரா ஒவ்வொரு நொடியும் மாறுகிறதை மட்டும்தான் புதிதாக அனுப்புகிறது. மாறாமல் நிற்கிற சுவருக்கு அநேகமாகச் செலவே இல்லை. இதை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தாள். திரையைக் கழற்றினாள், 1.5. மின்விசிறியை நிறுத்தினாள், 1.2. சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்ததும் 0.9. கறுப்பு முழுக்கைச் சட்டை, கண்ணாடி வளையலுக்கு விடுமுறை, எதிரே இருக்கிறவரின் படத்தையும் தேவையான அளவுக்கு மட்டும் என்று பழகியபின் 0.74.

சுவருக்கு வண்ணம் அடித்தவர் அவள் கணவர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதே அவருக்குத் தொழில். ஒன்பதடிக்கு எட்டடி அறை. ஒரு துளி நீலம் கலந்த சாம்பல், பளபளப்பே இல்லாதது, மூன்று கோட். "ஊரெல்லாம் என்னைக் கூப்பிட்டு இந்தக் கலர் வேணும், அந்தக் கலர் வேணும்னு கேக்குறாங்க. என் பொண்டாட்டி ஒருத்திதான் கலரே இல்லாத கலர் கேக்குறா" என்று இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் அந்தச் சுவரைப் பற்றிப் பேசாமல் வரமாட்டார்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் வேறு கணக்கு. ஞாயிறுதோறும் குடும்பம் முழுதும் வீடியோ காலில் கூடும். நான்கு வீடு, நான்கு நாடு. அந்தந்த வீட்டு வேகத்தையும் எல்லையையும் கேட்டு எழுதி வைத்திருந்தாள். தம்பி இருக்கும் நாட்டில் 940 மெகாபிட், எல்லை இல்லை. சித்தி மகள் இருக்கும் நாட்டில் 60 மெகாபிட். எல்லை ஆயிரம் ஜிபி. பெரியம்மா மகன் சுரங்க வேலையில் இருக்கிறார். அங்கே செயற்கைக்கோள் வழியாக 12 மெகாபிட், எல்லை ஐம்பது ஜிபி. அவர் வணக்கம் சொல்லி அது வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் பாதிக் கதை பேசி முடித்திருப்பார்கள்.

தம்பி அவளைவிட நான்கு வயது இளையவன். அவனுக்கும் காது நன்றாகக் கேட்கும். வெளிநாட்டில் நல்ல வேலை. வீடியோவில் அவனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரிய மீன்தொட்டி தெரியும். முப்பது மீன், முப்பது நிறம், குமிழி வேறு.

"டேய், உன் மீனெல்லாம் என் டேட்டாவைத் தின்னுதுடா. வேற பக்கம் திரும்பி உக்காரு."

"இங்க லிமிட்டுங்கற வார்த்தையே யாருக்கும் தெரியாதுக்கா. நீ இன்னும் சொட்டுச் சொட்டா எண்ணிக்கிட்டு இருக்கே."

"எண்ணித்தான் ஏழு வருஷமா ஒரு சொல்லும் சிந்தாம வெச்சிருக்கேன். நீ ஆறா ஓடவிட்டு என்னத்தைக் கண்டே? மீன் வளர்க்கிறே."

அப்பாவுக்கு இந்தச் சண்டை மிகப் பிடிக்கும். இரண்டு பேருடைய கைகளையும் மாறி மாறிப் பார்த்து, தோள் குலுங்கச் சிரிப்பார். ஆம், சண்டையும் கையால்தான். அப்பா இருக்கும் இடத்தில் வாயால் மட்டும் பேசுவது அந்த வீட்டில் மரியாதைக் குறைவு.

இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு புதிய விதி வந்தது. ஜூலை ஒன்றாம் தேதி முதல், தேர்வுக் குழுவின் சான்று பெற்றவர்கள் மட்டுமே ஆஸ்பத்திரிகளில் சைகை மொழிபெயர்க்கலாம். பத்தொன்பது ஆண்டு அனுபவம் இருந்தாலும் சான்று இல்லாவிட்டால் இல்லைதான். அறுபத்து மூன்று குடும்பங்களுக்கும் எங்கோ இருக்கிற, முகம் தெரியாத ஒருவர் திரையில் வருவார். வாயாடி விண்ணப்பம் போட்டாள்.

தேர்வுக்கு இரண்டு பகுதி. ஜூன் 11, புதன்கிழமை ஓர் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து அறையை அளந்தார், ரவுட்டரின் எண்ணைக் குறித்தார், வேகத்தைச் சோதித்தார்: 96 மெகாபிட். "பிரமாதம்மா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இரண்டாவது பகுதி ஜூன் 30, திங்கள், காலை பத்து முதல் பதினொன்று வரை. அதே அறை, அதே இணைப்பு, நேரலை. விதி ஒன்றுதான் கடுமை: தேர்வின்போது படம் இரண்டு நொடிக்கு மேல் உறைவது மூன்று முறை நடந்தால் தேர்வு அங்கேயே நிறுத்தப்படும். அடுத்த தேர்வு ஜனவரியில்.

ஜூன் 26 மாலைக் கணக்கு 171 ஜிபி. இன்னும் 129 மிச்சம் இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 27, வெள்ளிக்கிழமை, வாயாடி வீட்டில் இல்லை. அறுபத்து மூன்றில் ஒரு வீட்டுப் பெண், தலைப்பிரசவம் ஆகஸ்டில். ஸ்கேன் எடுக்கப் பயந்தாள் என்று நேரிலேயே கூடப் போயிருந்தாள். திரும்பும்போது மாலை ஐந்து நாற்பது. கைகால் கழுவி, ஆறு மணிக்குக் குறிப்பேட்டை எடுத்து, திரையைப் பார்த்தாள்.

300.0.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். 300.0 அசையவில்லை.

முன்னறையில் அப்பா தன் பழைய லேப்டாப்பைப் பார்த்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்த லேப்டாப்பில்தான் அம்மா இருக்கிறாள். அம்மா காலமாகி மூன்று ஆண்டு ஆகிறது. அதற்கு முன்னால் பதினோரு ஆண்டுகள் தம்பிக்குக் கையால் பேசிப் பேசி வீடியோக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் போனவை சுருக்கிய நகல்கள்; முழுப் பதிவுகள் அத்தனையும் அதில் சேர்ந்திருந்தன. மற்றவர்கள் வீட்டில் இறந்தவர்களின் போட்டோ இருக்கும். இந்த வீட்டில் இருந்தது அம்மாவின் குரலே.

"யாருப்பா இதைத் தொட்டது?" என்று கையால் கேட்டாள்.

"தம்பி வந்தான்" என்றார் அப்பா, பெருமையாக. வந்தான் என்றால் திரையில். "காலையில் பத்து மணிக்கு. அங்கிருந்தபடியே எல்லாம் அவனே அழுத்தினான். லேப்டாப் பழசாயிடுச்சாம். அம்மாவைப் பத்திரமான இடத்தில் வைக்கிறானாம்."

வாயாடி தம்பியைக் கூப்பிட்டாள். அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து வந்ததால், படத்தை நிறுத்திவிட்டு வாயாலேயே பேசினாள்.

"என்னடா பண்ணினே?"

"பேக்கப் போட்டேன்க்கா. அந்த டிஸ்க் என்னைக்கு வேணாலும் போயிடும். அம்மாவோடது எல்லாம் அதுலதானே இருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல, மொத்தமே இருநூத்திப் பன்னெண்டு ஜிபிதான்."

"தானா? இருநூத்திப் பன்னெண்டு, 'தானா'?"

129 ஜிபி போய்ச் சேர்ந்திருந்தது. முந்நூறைத் தொட்டதும் குழாய் சுருங்கிவிட்டது. மிச்சம் 83 இங்கேயே நின்றது. எல்லையே இல்லாத நாட்டில் பதினாறு ஆண்டுகள் இருந்தவனுக்கு, எல்லை என்று ஒன்று உண்டென்பது ஞாயிற்றுக்கிழமை கேலிக்கு மட்டுமே நினைவிருந்தது.

"அக்கா... திங்கக்கிழமை உனக்குப் பரீட்சை."

"இப்பவாவது ஞாபகம் வந்துதே."

"நான் எக்ஸ்ட்ரா பேக் வாங்கித் தரேன். இப்பவே. எவ்வளவு வேணும் சொல்லு."

வாயாடி நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் அன்பாகவே பேசினாள். கூடுதல் டேட்டா உண்டு, கேட்டபின் இரண்டு வேலை நாட்களில் வரும். சனி, ஞாயிறு விடுமுறை. ஆகவே செவ்வாய்.

"செவ்வாய்க்கிழமை ஜூலை ஒண்ணும்மா. அன்னைக்கு எனக்குத் தானாவே முந்நூறு வந்துடும்."

"ஆமாங்க மேடம், வந்துடும்" என்றாள் அந்தப் பெண், மகிழ்ச்சியோடு.

பெயிண்டர் கணவர் வேலை முடிந்து வந்தார். விஷயம் கேட்டதும் வாளியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். "மாடி வீட்டு லைன்ல உக்கார்ந்துக்கோயேன். அந்த அக்கா வேண்டாம்னா சொல்லும்?"

"பதினொண்ணாம் தேதி வந்தவர் இந்த ரவுட்டர் நம்பரைத்தானே எழுதிக்கிட்டுப் போனார். வேற லைன்ல உக்கார்ந்தா அது பொய்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

தேதியை மாற்ற முடியுமா என்று குழுவுக்கு எழுதிக் கேட்டாள். சனிக்கிழமை காலையில் பதில் வந்தது: ஜனவரி. ஜனவரி என்றால் ஆறு மாதம். ஆகஸ்டில் பிரசவிக்கப் போகிற அந்தப் பெண் வலியோடு படுத்திருக்கும்போது எதிரே திரையில் யாரோ வந்து நிற்பார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் "வலி" என்பதற்கு ஒரு தனிச் சைகை உண்டு, மணிக்கட்டைத் திருகுவது. அது எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. வாயாடி தேதியை மாற்றவில்லை. ஒரு மெகாபிட்டிலேயே எழுதுவது என்று முடிவு செய்தாள். கணக்கும் ஒத்துக்கொண்டது. ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குப் போக 0.45 ஜிபி, வர 0.45 ஜிபி; 0.74 அதற்குள் அடங்க வேண்டும். அடங்கினால் மயிரிழையில் அடங்கும்.

ஞாயிறன்று குடும்பக் கூட்டத்தை ரத்து செய்துவிட்டு, சித்தி மகளைத் தேர்வாளராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். வேகம் அளந்தால் 0.98. அரை மணி நேரத்தில் படம் ஒன்பது முறை உறைந்தது.

அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் கிசுகிசுக்கிறே?" என்று கையால் கேலி செய்துவிட்டுப் போனார்.

வாயாடிக்குச் சுருக்கென்றது. ஒத்திகையின் பதிவைப் போட்டுப் பார்த்தாள். திரையில் ஆடியவை அம்மாவின் கைகள். அம்மா பேசுவது நெஞ்சுக்கு நேரே, சிறியதாக, விரல் நுனியில், மின்னல் மாதிரி. பதற்றம் வந்தால் வாயாடிக்கும் அந்தக் கைதான் வரும். நல்ல வேகத்தில் அது அழகு. ஒரு மெகாபிட்டில் வெறும் மங்கல்.

அப்பாவின் கை வேறு. நூற்பாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்தவர். அங்கே இயந்திரச் சத்தத்தில் காது கேட்கிறவர்கள் எல்லாரும் ஊமைகள். அவர் ஒருவர்தான் தாராளமாகப் பேசியவர். நாற்பதடி தள்ளி, காற்றெல்லாம் பஞ்சு பறக்க நிற்கிறவருக்குத் தெரியவேண்டும் என்பதால், ஒவ்வொரு சொல்லையும் தோள் அகலத்துக்கு விரித்து, எதிரே இருப்பவர் பார்த்துவிட்டார் என்று தெரியும்வரை ஒரு கணம் நிறுத்திப் பிடிப்பார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் கை சும்மா அலையாது. அவரிடமிருந்து நாற்பது சைகை கற்றுக்கொண்ட தொழிலாளர்கள் இருநூறு பேருக்கு மேல்.

பஞ்சு பறக்கிற ஆலையும் ஒரு மெகாபிட் இணைப்பும் ஒன்றுதான் என்று வாயாடிக்கு அப்போது பட்டது. அப்பாவைப்போல் விரித்து, நிறுத்திப் பேசிய இரண்டாவது ஒத்திகையில் உறைந்தது இரண்டு முறை. மூன்றாவதில் ஒன்றுமில்லை.

திங்கள் காலை ஒன்பதரைக்குப் பெயிண்டர் வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வைஃபையை உறிஞ்சக்கூடிய சாதனங்கள் வீட்டில் ஆறு என்று வாயாடி எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு போன், ஒரு டேப்லெட். மூன்றையும் அணைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டிவி, பிரின்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கினார். கடைசியாக அப்பாவின் லேப்டாப். அதன் மூடியை அழுத்தி மூடினார். பெயிண்ட் டப்பாவை முப்பது ஆண்டுகளாக மூடிப் பழகியவர் அவர். மூடினால் முடிந்தது என்பது அவருக்கு விதி. "ஆறும் ஆச்சு" என்றார். வாயாடி மின்விசிறியை நிறுத்தி, கறுப்புச் சட்டையின் பொத்தானைப் போட்டு, சாம்பல் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

தேர்வாளர்கள் மூன்று பேர், மூன்று நாட்டில். தலைமைத் தேர்வாளர் ஓர் அம்மாள். இன்னொருவர் டாக்டர். மூன்றாமவர் காது கேளாதவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர்தான் இன்று நோயாளியாக நடிப்பவர். தேர்வுக்கு முன் அன்றைய வேகத்தை அளந்து படிவத்தில் எழுதவேண்டும். வாயாடி எழுதினாள்: 0.98.

தலைமைத் தேர்வாளர் படிவத்தைப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு. நல்லது. முன்னாடி ஒரு பூஜ்யமும் புள்ளியும் தவறி விழுந்திருக்கு. பரவாயில்ல, நானே எடுத்துடறேன்."

அறை வாசலில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் இதைக் கேட்டார். கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து, பேசாதே என்று தலையை ஆட்டினார். ஆய்வாளர் எழுதியது 96; இன்று 98; எல்லாம் தானாகவே பொருந்திப்போகும். ஒரு சொல்லும் சொல்லவேண்டியதில்லை.

"புள்ளி சரிதாங்க மேடம்" என்றாள் வாயாடி. "ஒண்ணுக்கும் குறைவு. இந்த மாசத்து எல்லை தீர்ந்துபோச்சு."

"ஒரு மெகாபிட்டுக்கும் கீழேயா?" அந்த அம்மாள் நம்பாமல் கேட்டார். "அப்படி ஒரு வேகம் இன்னும் இருக்கா?"

"இருக்குங்க. நான் இப்ப அதுலதான் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தேர்வு நாளில் வேகம் இவ்வளவு இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரு மெகாபிட்டில் யாராவது வந்து உட்காருவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். "மூணு தடவை உறைஞ்சா நிறுத்திடுவேன். சம்மதமா?"

"சம்மதம். ஒரு வேண்டுகோளுங்க. நீங்களும் டாக்டரும் படத்தை அணைச்சிட்டுக் குரல் மட்டும் கொடுங்க. எனக்குப் பார்க்க வேண்டிய கை ஒருத்தரோடதுதான்."

தேர்வு தொடங்கியது. சர்க்கரை நோய், இரண்டு வகை ஊசி, நான்கு வேளை அளவு. டாக்டர் வேகமாகப் பேசினார். ஆசிரியர் வேண்டுமென்றே குறுக்குக் கேள்விகளாகக் கேட்டார்: ஊசி மறந்தால் மறுநாள் இரட்டிப்பா? பாதத்தில் எரிச்சல் என்றால் இந்த மருந்தாலா, நோயாலா? வாயாடி எண்களைத் தோள் அகலத்தில் வைத்து நிறுத்திக் காட்டினாள். பன்னிரண்டு, கணம், எட்டு, கணம். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் அதுவும் அசைவு.

பத்து முப்பத்தொன்றுக்குப் படம் நின்றது. ஆசிரியரின் கை பாதியில் தொங்கியது. மூன்று நொடி. பிறகு அசைந்தது.

"ஒண்ணு" என்றது தலைமைத் தேர்வாளரின் குரல்.

பத்து முப்பத்து மூன்றுக்கு மறுபடி. நான்கு நொடி.

"ரெண்டு."

பெயிண்டர் பிஸ்கட் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். டப்பாவில் சத்தமில்லை, டிவியில் சத்தமில்லை, வீடு முழுக்கக் காதை வைத்துப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்பாவுக்குக் காது எந்தக் காலத்திலும் வேலை செய்ததில்லை, அவர் பார்க்கிறவர். முன்னறையில், மூடிய லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தார். திரையின் மூலையில், தபால்தலை அளவுக் கட்டத்தில், அம்மா கை தூக்கியபடி இருந்தாள். கீழே ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா கிளம்பியிருந்தாள்.

தம்பி வெள்ளியன்றே செய்த ஏற்பாடு அது. மூடினாலும் லேப்டாப் தூங்காமல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று அமைத்திருந்தான். அக்கா திட்டிய பிறகு, தேர்வு முடியட்டும் என்று, பேக்கப்பைத் திங்கள் பகல் பன்னிரண்டு மணிவரை நிறுத்தி வைத்தான். நல்ல எண்ணம்தான். பன்னிரண்டு மணி அவனுடைய கடிகாரத்தில். அது இங்கே பத்தரை.

அப்பாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அம்மா போகிறாள், மகள் தவிக்கிறாள் என்ற இரண்டு மட்டும் தெரிந்தது. ஸ்விட்சின் மேல் விரலை வைத்தார். ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். இடது கையால் "கொஞ்சம் பொறு" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு அழுத்திப் பிடித்தார். திரை அணைந்தது. மணி பத்து முப்பத்து நான்கு.

மூன்றாவது முறை படம் உறையவே இல்லை.

பதினொன்றுக்கு டாக்டரும் தலைமைத் தேர்வாளரும் படத்தைத் திறந்தார்கள். அந்த அம்மாள் எழுதி முடித்தார். "மொழிபெயர்ப்புல பிழை ஒண்ணும் இல்ல. உறைஞ்சது ரெண்டு தடவை. மூணாவது இல்ல. வாழ்த்துகள்மா."

வாசலில் பிஸ்கட் டப்பா கீழே விழுந்த சத்தம் நான்கு நாட்டுக்கும் கேட்டது.

ஆசிரியர் கையை உயர்த்தினார். அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. "இந்தக் கை எந்த ஊர்க் கை? பள்ளிக்கூடத்துக் கை மாதிரி இல்லையே."

"நூற்பாலைக் கைங்க" என்றாள் வாயாடி. "எங்க அப்பாவோடது."

"என் பேரப்பிள்ளைகள் ஆயிரம் மெகாபிட்டில் பேசுகிறார்கள், பாதி எனக்குப் புரிவதில்லை. நீங்கள் பேசியதில் ஒன்றுகூட நான் விடவில்லை. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்."

வாயாடி அப்பாவைக் கூப்பிட்டுக் கேமராவுக்கு முன் நிறுத்தினாள். அவர் உள்சட்டையோடு வந்து நின்று, நாற்பதடிக்கு அப்பால் இருப்பவருக்குச் சொல்வதுபோல், பெரிதாக வணக்கம் சொன்னார். படம் துளியும் உடையவில்லை.

தலைமைத் தேர்வாளர் இணைப்பைத் துண்டிக்கும் முன் ஒன்று கேட்டுக்கொண்டார்: இதை எப்படிச் செய்தீர்கள் என்று எழுதி அனுப்ப முடியுமா? வாயாடி ஒன்பது பக்கம் எழுதினாள். முதல் பக்கத்தில் அந்த ஐந்து எண்கள். சுவர் வண்ணத்தின் கலவை அளவு மட்டும் பெயிண்டரின் கையெழுத்தில். ஆகஸ்ட் 4 அன்று குழு அதைத் தன் கையேட்டில் சேர்த்து, வேகம் குறைந்த இடங்களில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாருக்கும் அனுப்பியது. பெயிண்டருக்கு இப்போது மூன்று நாட்டிலிருந்து அந்தச் சாம்பலுக்கு விவரம் கேட்டுச் செய்தி வந்திருக்கிறது. "கலரே இல்லாத கலருக்கு இவ்வளவு கிராக்கி" என்கிறார்.

ஆகஸ்ட் 19 அன்று அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்கு மணி நேரம் இருபது நிமிடம் வாயாடி திரையில் இருந்தாள். மணிக்கட்டைத் திருகும்போதெல்லாம் டாக்டருக்கு உடனே தெரிந்தது.

மிச்சம் இருந்த 83 ஜிபி அம்மாவை, ஜூலை 29, 30, 31 ஆகிய மூன்று நாட்களில், மாதக் கடைசியில் மீந்ததைக் கொண்டு வாயாடியே அனுப்பி வைத்தாள். எந்த மணிக்கு எவ்வளவு என்று குறிப்பேட்டில் இருக்கிறது. எல்லாம் போய்ச் சேர்ந்தபின் தம்பியிடமிருந்து வந்த செய்தி ஒரே சொல்: "வந்துட்டாங்க."

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை நான்கு வீடும் கூடின. தம்பியின் திரை திறந்ததும் எல்லாரும் ஒரு கணம் விழித்தார்கள். மீன்தொட்டியைக் காணோம். ஒரு சாம்பல் நிறப் போர்வை அதை மூடியிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. தம்பி கறுப்புச் சட்டை போட்டிருந்தான்.

"என்னடா, உங்க ஊர்லயும் லிமிட் வந்துடுச்சா?"

"வரலைக்கா. மீனெல்லாம் தூங்குது" என்றான் தம்பி, கைகளைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பிடித்து.

அப்பா திரைக்கு அருகில் போய் உட்கார்ந்தார். "இப்போது நீ தெரிகிறாய்" என்றார் கையால்.

அன்று பேசியது ஒரு மணி நான்கு நிமிடம். மாலை ஆறு மணிக்கு வாயாடி கணக்குப் பார்த்தாள். நான்கு வீடும் சேர்ந்த கூட்டத்தில் மணிக்கு 0.71. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், அந்த ஐந்து எண்களுக்குக் கீழே ஆறாவதாக எழுதினாள்.